சம்பளம் 3,500 டாலர், பேர் மட்டும் காலத்துக்கும்: ஜாம்பி படங்களின் முதல் வில்லன் பெலா லுகோசி யார்?

செத்தவன் எழுந்து நடக்கிறான். கண்ணில் உயிர் இல்லை, காலை இழுத்து இழுத்து வருகிறான். தியேட்டரில் ஒருத்தர் பயந்து கண்ணை மூடுகிறார். பக்கத்து சீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். மூணாவது ஆள், இதுக்கா டிக்கெட் வாங்கினோம் என்று எழுந்து போகிறார். குறைந்த செலவில் எடுக்கப்படும் ஜாம்பி படங்களில் இந்த மூணும் ஒரே காட்சியில் நடக்கும்.

இந்தக் கலவையான வரவேற்பு இன்று நேற்று வந்தது அல்ல. 1932-ல் வெளியான 'ஒயிட் ஜாம்பி'தான் உலகின் முதல் முழுநீள ஜாம்பி படம் என்று சொல்லப்படுகிறது. அப்போதே விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனால் கூட்டம் வந்தது, படம் ஓடியது. அதில் வில்லனாக நடித்தவர் பெலா லுகோசி. 1931-ல் டிராகுலாவாக நடித்து உலகையே மிரட்டிய அதே ஆள்.

பயமுறுத்துவதற்காக வந்த ஒரு நடிகர், கடைசி காலத்தில் சிரிப்புப் பொருளாக ஆனது எப்படி? இறந்த பிறகும் அவர் முகம் கோர்ட் படி ஏறியது ஏன்? பார்க்கலாம்.

ஊர் பெயரே பெயரானது

1882 அக்டோபர் 20. அன்றைய ஹங்கேரி ராஜ்ஜியத்தில் லுகோஸ் என்ற ஊரில் பிறந்தார் பெலா. அந்த ஊர் இப்போது ருமேனியாவில் இருக்கிறது. வீட்டில் நாலு பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. இயற்பெயர் பெலா பிளாஷ்கோ. நாடகத்துக்கு வந்த பிறகு, 'லுகோஸ்காரர்' என்று பொருள் வரும்படி லுகோசி என்று வைத்துக்கொண்டார்.

படிப்பு சின்ன வயசிலேயே நின்றுபோனது. கூலி வேலை பார்த்தார். அப்படியே சின்ன நாடகக் குழுக்களில் ஒட்டிக்கொண்டு, 1913-ல் புடாபெஸ்ட் தேசிய நாடக அரங்கம் வரை வந்துவிட்டார். அடுத்த வருஷமே முதல் உலகப் போர். ராணுவத்தில் சேர்ந்து, காயம்பட்டுத் திரும்பினார்.

1919-ல் ஹங்கேரியில் பேலா குன் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. அந்த நேரத்தில் நடிகர்களுக்குச் சங்கம் அமைக்கும் வேலையில் முன்னால் நின்றவர் லுகோசி. சில மாதங்களில் ஆட்சி கவிழ்ந்தது. சங்கம் அமைத்தவர்களைப் புதிய ஆட்சி தேட ஆரம்பித்ததும், லுகோசி வியன்னாவுக்குத் தப்பினார். அங்கிருந்து பெர்லின் போய் சில மௌனப் படங்களில் நடித்தார்.

1920 டிசம்பரில் கப்பலில் வேலை பார்க்கும் ஆளாக அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் இறங்கினார். அப்போது வயது 38. கையில் காசும் இல்லை, வாயில் ஆங்கிலமும் இல்லை.

ஆங்கிலம் தெரியாமல் மேடை ஏறியவர்

நியூயார்க்கில் ஹங்கேரி மக்களுக்கான நாடகங்களில் ஆரம்பித்தார். பிறகு ஆங்கில நாடக வாய்ப்பு வந்தது. பொருள் முழுசாகப் புரியாமலேயே, வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, நடுவில் எதிர்பாராத இடத்தில் நிறுத்திப் பேசும் அந்தப் பாணியில், தாய்மொழி உச்சரிப்போடு சேர்ந்து இந்த மனப்பாடப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. பிறகு அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது.

1927 அக்டோபரில் பிராட்வேயில் 'டிராகுலா' நாடகம். 261 காட்சிகள் ஓடியது. ஆனாலும் யுனிவர்சல் ஸ்டுடியோ அதைப் படமாக்கியபோது லுகோசியை உடனே கூப்பிடவில்லை. அவரேதான் விடாமல் முயற்சி செய்து வாய்ப்பை வாங்கினார். விளைவு, வாரம் 500 டாலர் வீதம் ஏழு வாரம். மொத்தம் 3,500 டாலர்.

1931 பிப்ரவரியில் படம் வெளியாகிப் பெரிய வெற்றி. ஸ்டுடியோ கல்லா கட்டியது. லுகோசிக்குக் கிடைத்தது புகழ் மட்டும்தான். அடுத்து 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்துக்கு அவரைத்தான் முதலில் யோசித்தார்கள். பேச்சே இல்லாத, முகமே தெரியாத வேஷம் என்று அவரே ஒதுங்கினார் என்பார்கள். இயக்குநர் மாறியதும் வாய்ப்பு போய்விட்டது என்றும் சொல்வார்கள். எப்படியோ, அந்த வேஷம் போரிஸ் கார்லோஃப் கைக்குப் போனது. ஒரே படத்தில் அவர் உச்சத்துக்குப் போய்விட்டார்.

11 நாளில் பிறந்த ஜாம்பி

இங்கே ஒரு சின்ன பின்னணி. ஜாம்பி என்பது ஹாலிவுட் கண்டுபிடித்த பேய் அல்ல. கரீபியன் தீவான ஹைட்டியின் நாட்டுப்புற நம்பிக்கை அது. செத்த பிறகும் மந்திரவாதியின் பிடியில் சிக்கி, சம்பளம் இல்லாமல் உழைத்துக்கொண்டே இருக்கும் உடல். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் பரம்பரையில் இந்தப் பயம் வேர்விட்டதில் ஆச்சரியம் இல்லை. சாவுகூட விடுதலை தராது என்றால் அதைவிட என்ன கொடுமை?

1915 முதல் 1934 வரை ஹைட்டியை அமெரிக்க ராணுவம் பிடித்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில் அங்கே போய்வந்த வில்லியம் சீப்ரூக், 1929-ல் 'தி மேஜிக் ஐலண்ட்' என்ற புத்தகம் எழுதினார். ஜாம்பி என்ற சொல் அமெரிக்க மக்களிடம் பரவியதற்கு இந்தப் புத்தகம் முக்கியக் காரணம்.

அதை வைத்துக் காசு பார்க்க நினைத்தவர்கள் ஹால்பெரின் சகோதரர்கள். விக்டர் இயக்கம், எட்வர்ட் தயாரிப்பு. பெரிய ஸ்டுடியோ பலம் கிடையாது. பட்ஜெட் சுமார் 50,000 டாலர். யுனிவர்சல் ஸ்டுடியோவில் ஏற்கெனவே நின்றிருந்த பழைய படங்களின் செட்டுகளை வாடகைக்கு எடுத்தார்கள். 1932 மார்ச்சில், பெரும்பாலும் ராத்திரிகளில், 11 நாளில் ஷூட்டிங் முடிந்தது என்பது சினிமா வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் தகவல்.

லுகோசிக்கு மர்டர் லெஜெண்டர் என்ற வேஷம். ஹைட்டியில் சர்க்கரை ஆலை நடத்தும் மந்திரவாதி. ஆலையில் வேலை செய்வதெல்லாம் ஜாம்பிகள். ஒரு காட்சியில் ஒரு ஜாம்பி தவறி அரைக்கும் இயந்திரத்துக்குள் விழுந்துவிடும். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ரத்தமும் கிடையாது, அலறலும் கிடையாது. இயந்திரத்தின் கிறீச் சத்தம் மட்டும்தான். 90 வருஷம் தாண்டியும் அந்தக் காட்சி வயிற்றைப் பிசையும்.

அதே படத்தில் மற்ற நடிகர்கள் பேசுவதைக் கேட்டால் சிரிப்பு வரும். மௌனப் படக் காலத்துக் கைவீச்சு, நாடகத்தனமான இழுவை. அன்றைய பத்திரிகைகள் அதைத்தான் கிண்டல் செய்தன. படம் லாபம் பார்த்தது என்னவோ உண்மை. ஆனால் லுகோசிக்குப் போன தொகை சொற்பம். வெறும் 500 டாலர் என்பதிலிருந்து சில ஆயிரம் வரை பல கணக்குகள் உலவுகின்றன. அதே 1932-ல் அவர் திவால் மனு கொடுத்தார் என்பது மட்டும் நிச்சயம்.

ஹால்பெரின்கள் 1936-ல் 'ரிவோல்ட் ஆஃப் தி ஜாம்பீஸ்' என்று இன்னொரு படம் எடுத்தார்கள். அதில் லுகோசி நடிக்கவே இல்லை. பழைய படத்திலிருந்து அவருடைய கண்களை மட்டும் எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். ஆள் இல்லாமல் அவர் உடம்பை வைத்துப் பிழைக்கும் வேலை அப்போதே ஆரம்பித்துவிட்டது.

வேலை இல்லாத டிராகுலா

1930-களின் நடுவில் பேய்ப் படங்களுக்குக் கெட்ட காலம். பிரிட்டனில் கெடுபிடி அதிகமானது. யுனிவர்சல் நிர்வாகம் கை மாறியது. ஸ்டுடியோக்கள் திகில் படங்களை நிறுத்தின. ஒரே மாதிரி வேஷத்துக்கு முத்திரை குத்தப்பட்ட லுகோசிக்கு வேறு வாய்ப்பும் வரவில்லை. வீடு கைவிட்டுப் போனது. 1938 ஜனவரியில் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்கு நடிகர்களுக்கான உதவி நிதியை நாட வேண்டி வந்தது.

அதே 1938-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தியேட்டர் பழைய 'டிராகுலா', 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படங்களைச் சேர்த்து ஓட்டியது. தெருவரை வரிசை. கூட்டத்தைப் பார்த்ததும் ஸ்டுடியோக்கள் மறுபடி திகில் படம் எடுக்கக் கிளம்பின. 1939-ல் 'சன் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்தில் இகோர் வேஷம் லுகோசிக்கு வந்தது. டிராகுலா சாயலே இல்லாமல் நடித்துக் காட்டினார். அதே ஆண்டு கிரேட்டா கார்போ நடித்த 'நினோட்ச்கா' நகைச்சுவைப் படத்தில் ஒரு சோவியத் அதிகாரியாகச் சில நிமிடங்கள் வந்தார். நடிப்பில் குறை இல்லை. வேஷம் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

சிரிப்பும் ஜாம்பியும் கை கோத்த காலம்

1940-களில் ஜாம்பி ஒரு ஜோக்காக மாறத் தொடங்கியது. இதற்குக் காரணம் எளிது. ஜாம்பிக்கு இறக்கை வேண்டாம், பல் வேண்டாம், விலை உயர்ந்த மேக்கப் வேண்டாம். நாலு பேர் வெறித்த பார்வையோடு மெதுவாக நடந்தால் போதும். சின்ன பட்ஜெட்டுக்கு ஏற்ற பேய் அது. ஆனால் அந்த மெதுவான நடையை நல்ல இருட்டில் காட்டினால் பயம் வரும், கொஞ்சம் வெளிச்சம் கூடினால் சிரிப்புதான் வரும். சரி, சிரிப்பையே விற்றுவிடலாமே என்று தயாரிப்பாளர்கள் கணக்குப் போட்டார்கள்.

1941-ல் மோனோகிராம் என்ற சிறிய நிறுவனம் 'கிங் ஆஃப் தி ஜாம்பீஸ்' எடுத்தது. இதில் வில்லன் வேஷத்துக்கு லுகோசியின் பெயர் பேசப்பட்டது, ஆனால் நடிக்கவில்லை. படத்தைத் தூக்கி நிறுத்தியவர் கறுப்பின நகைச்சுவை நடிகர் மான்டன் மோர்லண்ட். வேலைக்காரர், பயந்தாங்கொள்ளி என்ற இனவெறி அச்சில் வார்த்த வேஷம்தான். ஆனாலும் அவருடைய டைமிங்கில் மற்ற எல்லாரும் காணாமல் போனார்கள். இன்று பார்ப்பவர்களுக்குச் சிரிப்பும் வரும், கூடவே ஒரு கூச்சமும் வரும். இந்த மலிவுப் படத்தின் இசை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது என்பது இன்னொரு வேடிக்கை.

மோனோகிராமுக்காக லுகோசி 1941 முதல் 1944 வரை ஒன்பது படங்கள் நடித்தார். 'பவரி அட் மிட்நைட்' படத்தில் கட்டட அடித்தளத்தில் ஜாம்பிகள். 'வூடூ மேன்' படத்தில் செத்த மனைவியை எழுப்ப, பெண்களைக் கடத்தி ஜாம்பிகளாக்கும் டாக்டர். இந்தப் படத்தின் கடைசியில் ஒரு குறும்பு. கதாநாயகன் ஒரு சினிமா கதாசிரியர். நடந்ததையெல்லாம் கதையாக எழுதிக்கொடுத்துவிட்டு, வில்லன் வேஷத்துக்குப் பெலா லுகோசியைப் போடலாமே என்று யோசனை சொல்வார். அவரை வைத்தே அவரைக் கேலி செய்யும் அளவுக்கு விஷயம் வந்துவிட்டது.

1945-ல் ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் 'ஜாம்பீஸ் ஆன் பிராட்வே'. இது முழு நகைச்சுவை. ஒரு ரவுடி நடத்தப்போகும் நைட் கிளப்புக்கு நிஜ ஜாம்பியைக் கொண்டுவருகிறோம் என்று இரண்டு விளம்பர ஆட்கள் வாய் விட்டு மாட்டிக்கொள்கிறார்கள். ஜாம்பியைத் தேடித் தீவுக்குப் போனால் அங்கே லுகோசி, ஜாம்பி செய்யும் டாக்டராக. வால்லி பிரவுன், ஆலன் கார்னி இருவரும் காமெடி ஜோடி. அதே நிறுவனம் 1943-ல் எடுத்த சீரியஸான ஜாம்பி படத்தின் தீவையும் சில நடிகர்களையும் இதில் மறுபடி பயன்படுத்திக்கொண்டார்கள். பயந்து பார்த்த அதே முகங்களை இரண்டே வருஷத்தில் சிரித்துப் பார்க்கச் சொன்னார்கள்.

இந்தப் படங்களில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லுகோசி எங்கும் கேலியாக நடிப்பதில்லை. சுற்றி எல்லாரும் கூத்தடிக்கும்போது அவர் மட்டும் நிஜமாகவே பயமுறுத்துவதுபோல் நிற்பார். ஜாம்பி காமெடி இன்றுவரை இயங்குவது இந்த விதியில்தான். பேய் பேயாகவே இருக்க வேண்டும். பேயும் சேர்ந்து கண்ணடித்தால் சிரிப்பும் போய்விடும். 1948-ல் 'அபட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்தில் அவர் டிராகுலாவாகத் திரும்பி வந்தபோதும் இதையேதான் செய்தார். 2001-ல் அந்தப் படம் அமெரிக்க தேசியத் திரைப்படப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வலியும் ஊசியும்

இந்தக் காலம் முழுக்க லுகோசிக்குக் கடுமையான நரம்பு வலி இருந்தது. இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் சியாட்டிகா. அதற்கு மருத்துவர்கள் கொடுத்த மார்ஃபின் மெல்ல அடிமையாக்கியது. விஷயம் வெளியே கசிந்ததும் இருந்த வாய்ப்புகளும் குறைந்தன. 20 வருஷம் கூட இருந்த நான்காவது மனைவி லில்லியன் 1953-ல் விவாகரத்து பெற்றார்.

1955 ஏப்ரலில் லுகோசி தானாகவே போய், கலிபோர்னியாவின் நார்வாக் நகரில் உள்ள அரசு மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். அதை மறைக்கவும் இல்லை. போதைப் பழக்கத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட முதல் ஹாலிவுட் பிரபலங்களில் அவரும் ஒருவர். 72 வயதில், வாய்ப்பு தேடிக்கொண்டிருக்கும் ஒரு நடிகருக்கு அது சின்ன முடிவு அல்ல. ஆகஸ்டில் குணமாகி வெளியே வந்தார். அதே மாதம் ஹோப் லினிங்கரைத் திருமணம் செய்துகொண்டார்.

அவருக்கு அப்போது தொடர்ந்து வேலை கொடுத்தவர் எட் வுட் என்ற இளம் இயக்குநர். காசும் இல்லை, பெரிய திறமையும் இல்லை, ஆனால் லுகோசியின் பரம ரசிகர். 'க்ளென் ஆர் க்ளெண்டா', 'பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்' இரண்டும் அவர் எடுத்தவை. அடுத்து என்ன படம் என்றே முடிவாகாத நிலையில், சில நிமிடக் காட்சிகளை எடுத்து வைத்தார். 1956 ஆகஸ்ட் 16-ல் மாரடைப்பால் லுகோசி இறந்தார். வயது 73. டிராகுலா அங்கியை அணிவித்து அடக்கம் செய்தார்கள். அது மகனும் லில்லியனும் எடுத்த முடிவு.

செத்த பிறகு நடித்த படம்

எட் வுட் விடவில்லை. கையிலிருந்த அந்தச் சில நிமிடங்களை வைத்துக் கதை எழுதினார். வேற்றுக்கிரகவாசிகள் வந்து கல்லறையில் இருக்கும் பிணங்களை எழுப்புகிறார்கள். அதில் ஒரு பிணம் லுகோசி. மிச்சக் காட்சிகளுக்கு எட் வுட் மனைவியின் கைரோபிராக்டரை டூப் போட்டார். அவர் லுகோசியைவிட உயரம், முகச்சாயலும் கிடையாது. அதனால் படம் முழுக்க அங்கியால் முகத்தை மூடிக்கொண்டே வருவார்.

அதுதான் 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்'. 1957-ல் முதல் காட்சி. பல வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1980-ல் ஒரு கேலிப் புத்தகம் உலகின் மிக மோசமான படம் என்று பட்டம் கொடுத்ததும் ரசிகர் கூட்டம் பெருகியது. ஆடும் கல்லறைக் கற்கள், ஒரே காட்சியில் பகலும் இரவும் மாறுவது என்று ஒவ்வொரு தவறுக்கும் கைதட்டல். 1994-ல் டிம் பர்டன் 'எட் வுட்' எடுத்தார். லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. லுகோசிக்கு அந்த விருதில் ஒரு பரிந்துரைகூட வந்ததில்லை.

முகம் யாருக்குச் சொந்தம்?

லுகோசி இறந்த பிறகு, அவர் முகம் போட்ட டிராகுலா பொம்மைகளுக்கும் பொருட்களுக்கும் யுனிவர்சல் உரிமம் விற்றது. மனைவி ஹோப்பும் மகனும் வழக்குப் போட்டார்கள். கீழ் கோர்ட்டில் குடும்பத்துக்குச் சாதகம். ஆனால் 1979-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. உயிரோடு இருக்கும்போது அவர் அந்த உரிமையை அப்படிப் பயன்படுத்தவில்லை, எனவே அது அவரோடு முடிந்தது என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தத் தோல்விதான் சட்டம் மாறக் காரணமானது. 1985 முதல் கலிபோர்னியாவில், இறந்த பிரபலத்தின் பெயரையும் முகத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்த வாரிசுகளின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. இறந்துபோன நடிகர்களைக் கம்ப்யூட்டரில் மீண்டும் உருவாக்கும் இன்றைய விவாதத்துக்கும் இந்த வழக்குதான் பிள்ளையார் சுழி. செத்த பிறகும் யாருக்கோ உழைத்துக்கொண்டே இருப்பவன்தான் ஹைட்டி நம்பிக்கையின் ஜாம்பி என்பதை இங்கே சேர்த்துப் பார்த்தால், லுகோசியின் கதை வேறு மாதிரி புரியும்.

இப்போது பார்க்கலாமா?

1968-ல் ஜார்ஜ் ரொமேரோ சுமார் 1,14,000 டாலரில் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', ஜாம்பியை மனிதரைத் தின்னும் கூட்டமாக மாற்றியது. 2004-ல் பிரிட்டனின் 'ஷான் ஆஃப் தி டெட்' அதை வைத்துச் சிரிக்க வைத்தது. 2017-ல் ஜப்பானின் 'ஒன் கட் ஆஃப் தி டெட்', சுமார் 30 லட்சம் யென்னில் எடுக்கப்பட்டு, போட்ட காசைப் பல நூறு மடங்கு திருப்பி எடுத்தது. அந்தப் படத்தின் முதல் அரை மணி நேரத்தில் சலித்து எழுந்து போனவர்களும் உண்டு, கடைசியில் கண் கலங்கியவர்களும் உண்டு.

'ஒயிட் ஜாம்பி' காப்புரிமை முடிந்த படம் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்றேகால் மணி நேரத்துக்கும் குறைவு. மற்றவர்களின் நடிப்புக்குத் தாராளமாகச் சிரிக்கலாம். சர்க்கரை ஆலை காட்சியும் லுகோசியின் கண்களும் வரும்போது மட்டும் மொபைலில் சவுண்டைக் கூட்டி, லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள்.